நான்காம் இணைப்பின் முதல் வரி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

ஆறு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இனிமேலும் எழுதுவதாக இல்லை. ஆனால் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் ரோஷத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, பிரித்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

என் மகன் போய் ஏழு வருடம் ஆகிறது. ராணுவம் ஊரடங்கு போட்டிருந்த நாட்களில்கூடத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று காலையில் வால்வு திருகும் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எட்டு மணி ஆகியும் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவனையும், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குடத்தோடு நின்ற எட்டுப் பேரையும் ராணுவ லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். அடுத்த வருடம் உன்னைப் பார்க்கத் தலைநகரத்துக்கு வந்தேனே, வீட்டுக்கும் கூப்பிடாமல் அலுவலகத்துக்குள்ளும் விடாமல் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்தாய். உன்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் வந்து இவங்க யாரு என்று கேட்டார். "தெரிஞ்சவங்க" என்றாய். அதற்குப் பிறகு உன்னிடம் பேச என்ன இருக்கிறது?

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு புதுக் குழாய் பதிக்கத் தொட்டிக்குப் பின்னால் தோண்டினார்கள். எலும்புகள் வந்தன. ஒன்பது பேர். போட்டோ ஆல்பம் போட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆறாவது பக்கத்தில் மேல் வரிசை முன்பல். அவனுடைய உடைந்த பல்லின்மேல் மாட்ட நான் செய்த பீங்கான் கேப், தம்பி. இருபத்தெட்டு வருடமாகப் பல் மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறவள் நான். பக்கத்துப் பல்லில் அவனுக்கு ஒரு வெள்ளைக் கீற்று உண்டு, அதே மாதிரி கேப்பிலும் முடி அளவுக்கு ஒரு கீற்று வரைந்தேன். அதிகாரியிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அதோடு சரி. எலும்புகள் அங்கே உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. கொடுங்கள், அடக்கம் செய்கிறேன் என்றால், "விசாரணை நடக்குதும்மா, முடியட்டும்" என்கிறார்கள். நான்கு வருடமாக முடியட்டும், முடியட்டும். பொறுக்க முடியாமல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கே எழுதிப் போட்டேன். ஒரு பக்கப் பதில் வந்தது. மரியாதையான பதில். வருந்துகிறார்கள், ஆனால் உங்கள் நாடு இந்த நீதிமன்றத்தில் சேரவில்லை, எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள்.

நீ வெளியுறவு அமைச்சகத்தில் ஒப்பந்தப் பிரிவில்தானே இருக்கிறாய். எந்தக் காகிதத்தில் நாடு கையெழுத்துப் போடுவது, எதில் போடாமல் இருப்பது என்று பார்க்கிற இடம். சொல், நாம் ஏன் சேரவில்லை?

அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அலுவலகத்தில் பிரிக்கத் தைரியம் இல்லாமல் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன்.

டீக்கடை விஷயத்தை இப்போது தொடவில்லை. கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். இது என் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதே, அரசு சொல்வதைச் சொல்கிறேன்.

நம் மண்ணில் நடந்ததை நம் நீதிபதிகள்தான் விசாரிக்க வேண்டும் என்பது முதல் பேச்சு. அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்கென்றே ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் தானாகவே விசாரணையைத் தொடங்க அவரால் முடியும். நம் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவர் நம் தளபதியை, நம் தலைவரைக் கூண்டில் ஏற்றலாமா என்கிறார்கள். ராணுவம் இன்னொன்று சொல்கிறது: எல்லையில் நிற்கிறவன் ஒவ்வொரு தடவையும் இதற்கு வழக்கு வருமோ என்று யோசித்தால் அவன் கை நடுங்கும், எதிரி அதைப் பயன்படுத்திக்கொள்வான். பக்கத்து நாடு சேராதபோது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொள்வதா என்றும் சொல்கிறார்கள்.

எனக்கே நியாயமாகப் படுகிற ஒன்றும் உண்டு. உலகத்தின் பெரிய நாடுகள் சில இதில் சேரவில்லை. ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் உட்கார்ந்துகொண்டு மற்ற நாடுகளை அங்கே அனுப்ப அவர்களால் முடியும். தங்கள் ஆள் என்றால் தடுக்கவும் முடியும். சின்னவனுக்கு மட்டும் சட்டமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

சேர்ந்தாலும் உனக்கு எவ்வளவு உதவும் என்று தெரியவில்லை. சேர்ந்த தேதிக்குப் பிறகு நடந்ததைத்தான் அது விசாரிக்கும். ஒரு நாடு மனது வைத்தால் முன்தேதியிலிருந்தும் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் மனது வைக்க வேண்டும். அதோடு, ஒரு நாடு உண்மையாகவே தானே விசாரித்துக்கொண்டிருந்தால் அந்த நீதிமன்றம் உள்ளே வராது. இது அவர்கள் விதி. நாங்களும் விசாரிக்கிறோம் என்றுதான் அரசு சொல்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த லேபில் பீங்கான் தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்கிறாயா?

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

முகமூடி போட்டுக்கொள்கிறேன். கரிசனத்துக்கு நன்றி.

உன் கடிதம் சுத்தமாக இருந்தது, அடித்தல் திருத்தல் இல்லை. பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய நாடுகள் விஷயத்தில் நீ சொல்வது சரிதான், கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்காமல் உள்ளே போகிறார்கள் என்பதற்காக வரிசையே வேண்டாம் என்று நோயாளி வீட்டுக்குப் போய்விடுவானா? எல்லையில் நிற்கிறவன் கை நடுங்கும் என்கிறாய். என் பிள்ளை எல்லையிலா நின்றான்? தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றான். அங்கே ஒருத்தன் கை கொஞ்சம் நடுங்கியிருந்தால் எனக்கு இன்றைக்குப் பேரன் பேத்தி இருந்திருக்கும்.

நம் விஷயத்தில் வெளியாள் எதற்கு என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டேன். அதை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அப்பா அம்மாவை அடிக்கும்போது எதிர்வீட்டு மெக்கானிக் ஓடி வந்து வாசலில் நிற்பார். உள்ளே வர மாட்டார், சும்மா நிற்பார். அவர் நிற்கிறார் என்று தெரிந்தால் அப்பாவின் கை கொஞ்சம் தாழும். பிறகு ஒரு நாள் அப்பா அவரிடம், "இது எங்க வீட்டு விஷயம், உங்களுக்கென்ன" என்றார். மறுநாளிலிருந்து முதலில் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடித்தார். தாழ்ப்பாள் போட்டது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நீதான். எட்டாது என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் போடுவாய். உனக்கு ஏழு வயது, பயந்துபோய்ச் செய்தாய், அதைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது உனக்கு ஐம்பத்திரண்டு.

கடைசியாக எழுதியிருக்கிறாயே, நாமே விசாரித்தால் அவர்கள் வர மாட்டார்கள் என்று. அதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நான்கு வருடமாக ஒரு விசாரணை முடியவும் மாட்டேன் என்கிறது, மூடவும் மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வழக்கையெல்லாம் நான்கே மாதத்தில் ஆதாரம் இல்லை என்று மூடியிருக்கிறார்கள். இதை மட்டும் ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்? நடக்காத விசாரணை நடந்துகொண்டே இருப்பதால் யாருக்கு என்ன ஆதாயம்? உனக்குத் தெரியாமல் இருக்காது.

அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை அடித்தல் திருத்தல் இருக்கும்.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். நானே செய்ததுதான்.

வருடா வருடம் செப்டம்பரில் எங்கள் பிரிவிலிருந்து அமைச்சருக்கு ஒரு குறிப்பு போகும். அந்த நீதிமன்றத்தில் சேரலாமா வேண்டாமா என்று. வேண்டாம் என்பது முன்பே முடிவாகியிருக்கும், அதற்குக் காரணம் எழுதுவது என் வேலை. குறிப்போடு நான்கு இணைப்புகள் உண்டு. நான்காவது, நம் நாட்டிலேயே விசாரணையில் இருக்கும் வழக்குகளின் பட்டியல். பாருங்கள், நாங்களே விசாரிக்கிறோம், வெளியாள் தேவையில்லை என்று காட்டுவதற்கு.

நான்கு வருடத்துக்கு முன்பு அந்தப் பட்டியலுக்காக வந்த கோப்புகளில் உங்கள் ஊர்த் தொட்டி வழக்கும் இருந்தது. அதில் உன் வாக்குமூலம். "தாய் கூறுகிறார்: அந்தப் பல்லைச் செய்தது நான்." நீ எனக்குத் தெரியாதது என்று எழுதினாயே, அது தெரியும் அக்கா. என் மேசையில் வைத்துத்தான் படித்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் ஏன் முகம் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டதற்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். இவன் என் மருமகன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கோப்பை என்னிடமிருந்து எடுத்திருப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. என் கையில் இருக்கும்போதே ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

செய்தேன். பட்டியலில் பதினோராவதாக இருந்ததை முதல் வரியில் போட்டேன். அமைச்சர் எந்தப் பட்டியலிலும் முதல் வரியைத்தான் படிப்பார். படித்தால், இது என்ன ஆயிற்று என்று கேட்பார், கேட்டால் வழக்கு ஓடும் என்று கணக்குப் போட்டேன். அவரும் படித்தார். "இது நல்ல உதாரணம், இதையே முன்னாடி வைங்க" என்றார்.

அன்றிலிருந்து வெளிநாட்டில் யார் கேட்டாலும் அந்த வழக்கைத்தான் சொல்கிறார்கள். ஒன்பது உடல்கள், உடனடி விசாரணை, எங்கள் சட்டமே போதும் என்று. விசாரணையை முடித்தால் யார் செய்தது என்று சொல்ல வேண்டும். மூடினால் உதாரணம் போய்விடும். அதனால் இரண்டும் இல்லை. பதினோராவதாகவே விட்டிருந்தால் யார் கண்ணிலும் படாமல் மூடியிருப்பார்கள், பெட்டி உன் கைக்கு வந்திருக்கும்.

வருடா வருடம் அந்த வரியைப் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் "விசாரணை தொடங்கியுள்ளது" என்று எழுதினேன். அடுத்து "முன்னேறி வருகிறது". அப்புறம் "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்". போன வருடம் "இறுதிக் கட்டத்தை நெருங்குகிறது". அங்கே ஒரு துரும்பும் அசையவில்லை. நான்கும் என் வார்த்தைகள்.

தம்பி

ஜூன் 10

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன வருடம் இங்கே இருக்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இறுதிக் கட்டத்தை நெருங்கிடுச்சும்மா" என்றார். நம்பினேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தேன், போட்டு அடக்கம் செய்ய. எலும்புக்கு எதற்குச் சட்டை என்று கடையிலிருந்து வரும் வழியெல்லாம் அழுதேன். ஆனாலும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

அது உன் வார்த்தை என்று எனக்குத் தெரியாது.

இனி எனக்கு எழுதாதே.

ஜூலை 15

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இதை அனுப்ப முடியாது. இதோடு இருக்கிற சின்ன டப்பாவை உட்கார்ந்துகொண்டு திற.

இந்த வருடக் குறிப்புக்காக ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் உடலோடு சேராத பொருட்கள் என்னென்ன என்று. பட்டன், பெல்ட் கொக்கி, ஒரு சாவி. ஆறாவது பெட்டியில், "செயற்கைப் பல் – 1". எலும்பைத்தான் விசாரணை முடியும்வரை தரக்கூடாது. பொருட்களை உறவினர் கேட்டால் தரலாம் என்று விதி இருக்கிறது. எனக்கு உயிரே வந்தது. உன் பெயரில் விண்ணப்பம் எழுதி, அமைச்சகம் வழியாக அனுப்பினேன். இரண்டே நாளில் அனுமதி வந்துவிட்டது. இந்த வழக்கில் ஒரு காகிதம் இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. கடவுளுக்கே மனது இரங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பல் உடைந்ததே என்னால்தான். சைக்கிள் பழக்குகிறேன் பேர்வழி என்று பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன், பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை விட்டேன். திரும்பிப் பார்த்தான், விழுந்தான். நீ என்னை ஒரு வாரம் திட்டினாய். கேப் போட்டு வந்த அன்று மற்ற எல்லாப் பல்லையும்விட அதுதான் அழகாக இருந்தது. பல்லழகா என்று கூப்பிட ஆரம்பித்தேன். வேலைக்குப் போகிற வயதிலும் அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக் காட்டுவான்.

முழுசாக அவனைத் தர என்னால் முடியவில்லை. இதையாவது வைத்துக்கொள்.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

டப்பாவை லேபில் வைத்துத் திறந்தேன். வேறு எங்கே திறப்பது? கேப் செய்ய எடுத்த அவனுடைய பல்வரிசையின் பிளாஸ்டர் அச்சு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, பழைய அச்சுகளையெல்லாம் தூக்கிப் போட்டபோதும் அதைப் போடவில்லை. கேப்பை எடுத்து அச்சின்மேல் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது. கீற்று பக்கத்துக் கீற்றோடு அப்படியே சேர்ந்து நின்றது. ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அவன் இறந்துபோனான், தம்பி. லேபில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் போட்ட சத்தம் அப்படி.

மூன்று நாள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உன்மேல் இருந்த கோபம்கூடப் பாதி போய்விட்டது. நாலாம் நாள் பல் தேய்க்கும்போது தோன்றியது: ஏன் இரண்டே நாளில் கொடுத்தார்கள்? பெட்டி கேட்டால் நான்கு வருடம். பல் கேட்டால் இரண்டு நாள்.

நீ யோசிக்கவில்லையா? இத்தனை வருடம் கோப்பு பார்க்கிறாய். இப்போது ஆறாவது பெட்டியில் என்ன இருக்கிறது? உடைந்த பல்லோடு ஒரு மண்டை. அது யாருடையது என்று நாளைக்கு யார் கேட்டாலும், தெரியாது என்று தைரியமாகச் சொல்லலாம். மரபணுச் சோதனைக்கு எங்களை யாரும் கூப்பிட்டதே இல்லை, அந்த ஒன்பதில் ஒருவன் யார் என்று அடித்துச் சொல்லக்கூடியது அந்தக் கேப் ஒன்றுதான். அவன் யார் என்று தெரிந்தால் அவனை எந்த லாரியில் ஏற்றினார்கள் என்பதும் வரும், மற்ற எட்டுப் பேரும் அவனோடு வருவார்கள். அதைத்தான் என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெற்றவள்தானே, சந்தோஷமாக வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வாள் என்று. நானும் வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் நீ நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறாய். அது எனக்குத் தெரியும்.

கேப்பைத் திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் அது ஒரு தாய் அலமாரியில் வைத்திருக்கும் பல். அங்கே இருந்தால் சாட்சி. அச்சு என்னிடம், கேப் அவர்களிடம் இருக்கட்டும். அச்சில் அது உட்காருவதை நான் வேலை செய்து கொடுக்கும் பல் டாக்டரும் ஒரு வக்கீலும் பார்த்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் நாடு எப்போது சேருமோ, எந்தத் தேதியிலிருந்து ஒப்புக்கொள்ளுமோ, அதற்குள் நான் இருப்பேனோ மாட்டேனோ. இருக்கிறவர்கள் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.

டாக்டர்களுக்கு அனுப்புவது போலவே பஞ்சு வைத்து, சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். மேல் வரிசை, முன்பல், இடது. தபாலில் போட்டால் தொலைந்துவிட்டது என்பார்கள். நீயே கொண்டுபோய்க் கொடு. பெட்டி எண் போட்டு ரசீது வாங்கு.

செப்டம்பரில் அந்த வரியை மறுபடியும் எழுதுவாய். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை.

டப்பாவை மூடும்போது கை வரவில்லை. லேபில் இருக்கிற பெண்தான் மூடி ஒட்டினாள்.

அக்கா

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

குறிப்பு எட்டாம் தேதி போனது. நான்காம் இணைப்பின் முதல் வரியில், "விசாரணை நடைபெறவில்லை. கடந்த நான்கு ஆண்டுகளிலும் நடைபெறவில்லை. முன்பு எழுதியவை என்னால் எழுதப்பட்டவை, உண்மையல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானமே இயக்குநர் கூப்பிட்டார். கத்தவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிறகு, விசாரணை முடியும்வரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதாக ஒரு தாளைக் கொடுத்தார். இந்த விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நாடு சேரப் போவதில்லை அக்கா. புதிதாக என் நாற்காலிக்கு வந்தவர் அந்தத் தாளை மாற்றி எழுதிவிட்டார். "சட்டப்படி நடவடிக்கை தொடர்கிறது" என்று இந்த வருடம் போகும். நான் எழுதிய தாளைக் கிழிக்க முடியாது, எண் போட்ட தாள், கோப்பின் அடியில் எங்கேயாவது கிடக்கும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அடையாள அட்டையை வெள்ளிக்கிழமைதான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அட்டை இல்லாமல் ஆய்வுக்கூடத்துக்குள் விட மாட்டார்கள். அதனால் அன்று காலையில் நேராக அங்கே போனேன். இத்தனை வருடமும் ஒரு நாள்கூட அங்கே போனதில்லை, என் அலுவலகத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான்.

இரும்பு அலமாரிகள் இருக்கிற நீளமான அறை. நல்ல வெளிச்சம். ஒரு பெண் பதிவேட்டை நீட்டினாள். பெயர், அலுவலகம், பொருள், உறவுமுறை என்று கட்டங்கள். அலுவலகத்தைக் காலியாக விட்டேன். கடைசிக் கட்டத்தில் தாய்மாமன் என்று எழுதினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் சீட்டைப் படித்துவிட்டு, "யாரோ தெரிஞ்ச கை பண்ணின பேக்கிங்" என்றாள்.

ஆறாவது பெட்டியை இறக்கி மேசையில் வைத்துத் திறந்தாள். நான் பார்த்தேன். அதைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, நீ எழுதியிருந்த இடத்தில், மெதுவாகக் கேப்பை வைத்தாள். சரியாக உட்கார்ந்தது. வெளியில் விழுந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன உறையும் போட்டாள். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது, பல்லழகா என்று.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு சார், தெரிஞ்சவங்களா?"

"என் அக்கா பையன்" என்றேன்.

ரசீது இதோடு இருக்கிறது.

தம்பி